பீப்பாய்க்காரர் பெயரில் ஒரு பட்டை

லைடன், நெதர்லாந்து

அன்புள்ள சண்முகம்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். சொட்டு மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதே, உன்னைப் பற்றி எனக்குத் தெரியும். நான் மகள் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறேன். மழையும் காற்றும்தான் படுத்துகின்றன.

நெப்டியூனுக்கு அப்பால் சூரியனைச் சுற்றிவரும் பனிப் பொருள்களின் கூட்டத்தைக் கைப்பர் பட்டை என்கிறார்களே, அதில் வரும் கைப்பர் என்றால் என்ன அர்த்தம் என்று உன் பேரன் கேட்டானாமே! சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான ஜெரார்டு கைப்பர் வானியல் படித்து 1933-இல் டாக்டர் பட்டம் வாங்கியது இதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான்.

டச்சு மொழியில் கைப்பர் என்றால் பீப்பாய் செய்கிறவர். ஆங்கிலேயர்களின் ‘கூப்பர்’ இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. உச்சரிப்பு மட்டும் நாம் சொல்கிற மாதிரி இல்லை. உதட்டைக் குவித்துக்கொண்டு ‘கெய்ப்பர்’ என்று சொல்லிப் பார், கிட்டத்தட்ட வரும். ஆங்கிலக்காரர்களுக்கு அந்த ஒலி வரவில்லை, ‘கைப்பர்’ ஆக்கிவிட்டார்கள். நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம்.

தொழில் பெயர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. பாக்கர் ரொட்டி சுடுகிறவர், விஸ்ஸர் மீன் பிடிக்கிறவர், முல்டர் மாவு மில்காரர், டெக்கர் கூரை வேய்கிறவர். 1811-இல், நாடு நெப்போலியன் கையில் இருந்தபோது, எல்லோரும் குடும்பப் பெயரைப் பதிவு செய்தாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதற்கு முன்பே பலருக்குக் குடும்பப் பெயர் இருந்தது, ஆனால் அதோடு அது ஏட்டில் ஏறி உறைந்துவிட்டது. அப்புறம் பாக்கரின் பேரன் வக்கீலானாலும் பாக்கர்தான்.

பீப்பாய்க்காரருக்கு அந்தக் காலத்தில் ஏக மவுசு. உப்புப் போட்ட ஹெர்ரிங் மீன், பியர், கப்பலுக்குக் குடிதண்ணீர் என்று எல்லாமே பீப்பாயில்தான் போயின. வேலையும் லேசுப்பட்டதில்லை. நடுவில் அகன்று முனைகளில் ஒடுங்குகிற மாதிரி ஓக் பலகைகளைச் சீவி, வட்டமாக நிறுத்தி, உள்ளே நெருப்பு மூட்டி, தண்ணீர் தெளித்துத் தெளித்து வளைக்க வேண்டும். பிறகு இரும்புப் பட்டையைச் சுத்தியால் தட்டித் தட்டி இறக்கி இறுக்குவார்கள். பலகையோடு பலகையைச் சேர்க்க ஆணியோ பசையோ கிடையாது. அப்படியும் ஒரு சொட்டு ஒழுகக் கூடாது. இங்கே கடையில் ‘டி கைப்பர்’ என்று ஒரு மதுபாட்டில் பார்த்தேன். 1695-இல் பீப்பாய் செய்து கொடுக்க ஆரம்பித்த குடும்பம், பிற்பாடு பீப்பாய்க்குள் இருக்கிற சரக்கையே காய்ச்சப் போய்விட்டது. (லேபிளைத்தான் பார்த்தேன், மகளிடம் விசாரித்துக்கொள்.)

நம் ஜெரார்டு விஷயத்தில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? அவருடைய அப்பா தையல்காரர்! தையல்காரருக்கு இங்கே ஸ்னெய்டர் என்று தனிப் பெயர் இருக்கிறது, ஆனால் பையனுக்கு வாய்த்தது பீப்பாய்ப் பெயர். அமெரிக்கா போன பிறகு கெரிட் பீட்டர் என்ற பெயரை ஜெரார்டு பீட்டர் என்று மாற்றிக்கொண்டவர், குடும்பப் பெயரில் கை வைக்கவில்லை. சனியின் துணைக்கோளான டைட்டனுக்குக் காற்று மண்டலம் உண்டு என்று 1944-இல் காட்டினார். 1948-இல் யுரேனஸின் மிராண்டா, அடுத்த வருஷம் நெப்டியூனின் நெரீட் என்று இரண்டு துணைக்கோள்களைக் கண்டுபிடித்தார். இவற்றில் எதற்காவது அவர் பெயர் வைத்திருந்தால் நியாயம்.

அவர் பெயர் போய் ஒட்டியது நெப்டியூனுக்கு அப்பால் உள்ள பட்டையில். அப்படி ஒரு வட்டு ஆதியில் இருந்திருக்கும், ஆனால் புளூட்டோ அதைச் சிதறடித்திருக்கும் என்பதுதான் 1951-இல் அவர் எழுதியது. புளூட்டோ பூமி அளவுக்குக் கனமானது என்று அப்போது நினைத்தார்கள். அவர் 1973-இல் காலமானார். 1992-இல் டேவிட் ஜூயிட், ஜேன் லூ என்ற வானியலாளர்கள், புளூட்டோவையும் அதன் துணைக்கோளையும் விட்டால், அங்கே முதல் பொருளைப் பிடித்தார்கள். கைப்பருக்கு முன்பே, 1943-இலேயே, அதைப் பற்றி எழுதிய எட்ஜ்வொர்த் என்ற அயர்லாந்துக்காரர் பெயரைச் சேர்த்துச் சொல்கிறவர்கள் வெகு சிலர். என்னைக் கேட்டால் அது அநியாயம். ஆனாலும் பீப்பாய்க்குப் பட்டை அடிக்கிறவர் பெயர் ஒரு பட்டைக்கே போய்ச் சேர்ந்ததில் தமிழ் தெரிந்த நமக்கு ஒரு தனிச் சிரிப்பு உண்டு, இல்லையா?

பேரனிடம் இதையெல்லாம் சொல். உச்சரிப்பைத் திருத்தப் போகாதே, பள்ளிக்கூடத்தில் அவன் கைப்பர் என்றே சொல்லட்டும்.

பங்குனியில் ஊருக்கு வருகிறேன். வீட்டுச் சாவி உன்னிடமே இருக்கட்டும், மாடித் தண்ணீர்த் தொட்டியை மட்டும் ஒரு தடவை ஆள் விட்டுக் கழுவச் சொல்லிவிடு.

உன்,
ரகு