ஒரு தவறான பதிலும் சில பற்களும்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். தென் அமெரிக்காவுக்குக் குரங்கு எப்படிப் போனது என்று நேற்று உன் மகள் தொலைபேசியில் கேட்டாள். அவள் வயதில் நீயும் கேட்டாய். கண்டங்கள் ஒட்டியிருந்த காலத்தில் நடந்தே போயிருக்கும் என்றேன். அது தவறு, கண்ணா. ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் பிரிந்து ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அன்று குரங்கினமே தோன்றியிருக்கவில்லை. விலங்கியல் கற்பித்தவள், யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

சரியான பதிலுக்கான தடயம் தென் அமெரிக்காவிலேயே கிடைத்தது. பெரு நாட்டில், பிரேசில் எல்லையை ஒட்டி ஓடும் யுருவா ஆற்றங்கரையில் சாண்டா ரோசா என்று ஓர் இடம். அங்கே முழு எலும்புக்கூடுகளைத் தேடிப் பயனில்லை. கரை மண்ணை நீர்விட்டுச் சலித்து, தங்கியதைப் பொடிப்பொடியாகப் பொறுக்குகிறார்கள். கிடைத்தவை விரல்நுனியில் ஒட்டிக்கொள்ளும் பற்கள். 2015இல் பெருபித்தேகஸ் என்ற குரங்கை அறிவித்தார்கள். முதலில் அதற்கு 3.6 கோடி ஆண்டு வயது சொன்னார்கள். பாறையிலுள்ள சிர்கான் என்ற கனிமப் படிகங்களின் வயதை அளந்த பிறகு அது 3 கோடிக்கு அருகே இறங்கியது.

எனக்கு மிகவும் பிடித்தது 2020இல் வெளிவந்த உக்கயாலிபித்தேகஸ். மொத்தம் நான்கே பற்கள். அவற்றின் மேடு பள்ளங்களை, எகிப்தின் ஃபாயூமில் கிடைத்த குரங்குப் பற்களோடு ஒப்பிட்டால் ஒரே குடும்பம் என்று தெரிகிறது! பெருபித்தேகஸ் வேறு குடும்பம். ஆக, தனித்தனியாக இரு கூட்டங்கள் கடலைத் தாண்டியிருக்கின்றன. வெள்ளம் கரையைப் பெயர்த்து, மரமும் கொடியுமாக இழுத்துச் சென்ற மிதவைகளில்தான் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அன்று அட்லாண்டிக் இன்றைவிடக் குறுகல். ஆனாலும் 1,500 கிலோமீட்டருக்குக் குறையாது. கினிப்பன்றியின் முன்னோர்களும் அப்படி வந்தவைதான்.

2023இல் அதே ஆற்றின் பிரேசில் பக்கத்திலிருந்து இன்னொரு பல்லை அறிவித்தார்கள். அதன் சாயல் ஆசியாவின் பழைய குரங்குகளோடு ஒத்துப்போகிறது. படித்த அன்று எனக்கு உறக்கமே வரவில்லை.

இதையெல்லாம் அவளிடம் சொல். கடைவாய்ப் பால்பல் ஒன்று விழுந்ததாகச் சொன்னாளே, அதை எறிந்துவிடாமல் விடுமுறைக்கு வரும்போது எடுத்துவரச் சொல். என் பழைய லென்ஸைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா