அறிவியல் பேசும் நண்பர்களே, கிண்டலை விட்டுவிட்டு நிழலை அளக்கச் சொல்லுங்கள்

தமிழில் அறிவியல் சொல்லித்தருகிற ஆசிரியர்களுக்கும், வானியல் பற்றி வீடியோ போடுகிற, பதிவு எழுதுகிற எல்லோருக்கும்,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். பூமி தட்டை என்று ஒருவர் எழுதினால், அல்லது நிலாவுக்கு யாருமே போகவில்லை, எல்லாம் ஸ்டூடியோவில் எடுத்தது என்று ஒருவர் சொன்னால், உங்களில் பலர் உடனே அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பக்கத்தில் ஒரு வடிவேலு படத்தை ஒட்டிப் போட்டுவிடுகிறீர்கள். பார்க்கிறவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். எழுதிய அந்த ஒருவர் மட்டும் அதற்கப்புறம் உங்கள் பக்கமே வருவதில்லை. தன்னைப் பார்த்துச் சிரிக்காத கூட்டம் ஒன்று எங்கேயோ இருக்கிறது, அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறார்.

இவர்களெல்லாம் படிக்காதவர்கள், மூளை வேலை செய்யாதவர்கள், ஆதாரத்தை எடுத்து முகத்துக்கு நேரே வைத்தால் சரியாகிவிடும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சரியில்லை என்று சொல்லத்தான் இந்த மடல்.

1870ல் இங்கிலாந்தில் நடந்த ஒரு பந்தயத்தைப் பாருங்கள். ஜான் ஹாம்ப்டன் என்பவர், பூமி வளைந்திருக்கிறது என்று யாராவது காட்டினால் 500 பவுண்டு தருகிறேன் என்று சவால் விட்டார். டார்வினோடு ஒரே காலத்தில் இயற்கைத் தேர்வைக் கண்டுபிடித்தாரே ஆல்ஃபிரட் ரசல் வாலஸ், அவர் அந்தச் சவாலை எடுத்துக்கொண்டார். வாலஸ் இளம் வயதில் நில அளவை வேலை பார்த்தவர், அதனால் இதெல்லாம் அவருக்குக் கை வந்த வேலை. பெட்ஃபோர்டு என்ற நேர்க்கோடு போன்ற கால்வாயில் ஆறு மைல் தூரத்தைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு முனைகளிலும் நடுவிலும் தண்ணீருக்கு மேல் ஒரே உயரத்தில் அடையாளங்களை வைத்து, ஒரு முனையிலிருந்து தொலைநோக்கியில் பார்க்க ஏற்பாடு செய்தார். தண்ணீரை ஒட்டிப் போகும் வெளிச்சம் வளையும், அது கண்ணை ஏமாற்றும் என்று தெரிந்து, பார்வைக்கோட்டைப் பதின்மூன்று அடிக்கு மேலே உயர்த்திவிட்டார். இதே கால்வாயில் 1838ல் சாமுவேல் ரோபாத்தம் தண்ணீருக்குச் சில அங்குலம் மேலே கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பூமி தட்டை என்று பிரச்சாரம் தொடங்கியிருந்தார். வாலஸ் செய்த சோதனையில் நடு அடையாளம் மற்றதைவிட மேலே எழும்பித் தெரிந்தது. தட்டையாக இருந்தால் மூன்றும் ஒரே கோட்டில் நின்றிருக்க வேண்டும். அதே தொலைநோக்கியில் அதே காட்சியைப் பார்த்த ஹாம்ப்டன் தரப்பு நடுவர், இதோ தட்டைதான் என்று நிரூபணமாகிவிட்டது என்றார்! ஹாம்ப்டன் தொலைநோக்கி வழியாகப் பார்க்கவே மறுத்துவிட்டார், என் ஆளை நான் நம்புகிறேன் என்று சொல்லிவிட்டார்.

பணம் வாலஸுக்கு என்று தீர்ப்பானது. அதற்கப்புறம் ஹாம்ப்டன் வருடக்கணக்கில் அவரை ஏமாற்றுக்காரன் என்று கடிதம் எழுதித் துரத்தினார், வாலஸின் மனைவிக்கே மிரட்டல் கடிதம் போனது, ஹாம்ப்டன் சிறைக்கும் போய்வந்தார். பந்தயம் செல்லாது என்று கடைசியில் பணமும் ஹாம்ப்டனுக்கே திரும்பியது. அந்தப் பந்தயத்தில் இறங்கியதற்காக வாலஸ் பிற்காலத்தில் வருத்தப்பட்டார்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது "என் ஆளை நான் நம்புகிறேன்" என்ற இடம். நாமும் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறோம், நாம் நம்புகிற ஆட்கள் சரியான ஆட்களாக இருக்கிறார்கள், அவ்வளவுதான். பூமி உருண்டை என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று வகுப்பில் உள்ள நல்ல மதிப்பெண் எடுக்கும் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். புத்தகத்தில் இருக்கிறது, நாசா படம் எடுத்திருக்கிறது என்பார்கள். இரண்டு மதிப்பெண் கேள்விக்கான பதிலாகத்தான் அந்த உண்மை அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்புறம் இருபத்தைந்து வயதில் ஒருநாள் ராத்திரி யூடியூபில் ஒருவர் நிதானமான குரலில், "நீங்களே யோசிங்க, உங்க கண்ணை நம்புங்க, தண்ணி எப்பவும் மட்டமாத்தானே நிக்குது?" என்று கேட்கிறார். பள்ளிக்கூடத்தில் யாரும் அந்தப் பிள்ளையைப் பார்த்து நீயே யோசி என்று சொன்னதில்லை. முதல் தடவையாகச் சொல்கிறவர் தப்பான ஆளாக இருப்பது நம் குறைதான்.

யூடியூப் என்று சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் 2017லும் 2018லும் நடந்த தட்டைப் பூமி மாநாடுகளுக்குப் போய், டெக்சாஸ் டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முப்பது பேரிடம் பேசினார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் யூடியூப் வழியாகத்தான் இதற்குள் வந்தோம் என்றார்கள். அதிலும் பலர் வேறு சதிக்கதைகளின் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அடுத்து என்று நீட்டப்பட்டதைப் பார்த்தவர்கள். 2019 ஜனவரியில் யூடியூப் நிறுவனமே இப்படிப்பட்ட வீடியோக்களைப் பரிந்துரைப்பதைக் குறைக்கப் போவதாக அறிவித்தது, அறிவிப்பில் தட்டைப் பூமியைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது.

படித்தால் சரியாகிவிடும் என்பதும் முழுதாக நிற்காது. யேல் பல்கலைக்கழகத்தின் டான் கஹான் குழு 2012ல் வெளியிட்ட ஆய்வில், பருவநிலை மாற்றம் பற்றி அமெரிக்கர்களுக்குள் இருந்த பிளவு, அறிவியல் அறிவும் கணக்கும் நன்றாக வருகிறவர்களிடம் குறையவில்லை, கூடியிருந்தது. மூளை இருக்கிறவர் தன் கூட்டத்தின் பக்கத்தை இன்னும் நன்றாக வாதாடுகிறார்.

நம் ஊருக்கு வருவோம். திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றன, நாசாவே ஆடிப்போய்விட்டது என்ற செய்தி வராத குடும்ப வாட்ஸ்ஆப் குழு இருக்கிறதா? இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர் வருகிறது, போனை அணைத்து வையுங்கள் என்பதும் அப்படித்தான், அதிலும் நாசா. நிலாவுக்குப் போனது பொய் என்று அனுப்புகிறவரே அடுத்த நாள் இதையும் அனுப்புவார். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அந்த மனிதர் அறிவியலை வெறுக்கவில்லை, தன் கோயிலின் பக்கத்தில், தன் மக்களின் பக்கத்தில் அது வந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். ஆசை இருக்கிற இடத்தில் பேச்சுக்கு இடம் உண்டு. பூமியைத் தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள் ஒரு விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, அந்த ஓட்டம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது, நின்றால் விழ ஆரம்பித்துவிடும் என்பதைக் கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசாமல் சொல்ல முடியும். நம்மில் எத்தனை பேர் அப்படிச் சொல்கிறோம்? கோயிலையும் சேர்த்து இழுத்துவிட்டால்தான் நமக்குத் திருப்தி. அந்த நொடியில் அவர் காதில் அறிவியல் விழுவதில்லை, அவமானம்தான் விழுகிறது.

உலக்கை விஷயமும் இதுதான். 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் கோவை, திண்டுக்கல், திருச்சி வழியாகப் போனது. எத்தனையோ வீடுகளில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிற்க வைத்துப் பார்த்தார்கள், நின்றது, படம் எடுத்து அனுப்பினார்கள். நாம் சிரித்தோம். ஆனால் அந்தப் பெண்கள் ஒரு சோதனை செய்தார்கள் என்பதை நாம் கவனிக்கவே இல்லை. கிரகணத்தின்போது நிற்கும் என்று ஒரு கூற்று இருக்கிறது, நிற்கிறதா என்று வைத்துப் பார்க்கிறார்கள். அதில் பாதி மட்டும் பாக்கி. கிரகணம் இல்லாத செவ்வாய்க்கிழமை காலையில் அதே உலக்கையை அதே தாம்பாளத்தில் நிற்க வைத்துப் பார்க்க வேண்டும். அடிப்பக்கம் தட்டையாக இருக்கிற உலக்கை, பொறுமையாக வைத்தால், என்றைக்கும் நிற்கும். "அக்கா, நாளைக்கும் ஒரு தடவை வச்சுப் பாருங்க" என்று யாராவது சொல்லியிருந்தால் மீதிப் பாதியையும் அவர்களே செய்து முடித்திருப்பார்கள்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது ஒரு வேலை. நிழலை அளக்கச் சொல்லுங்கள். சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நிழலில்லா நாள் வருகிறது, நடுப்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே இருக்கும், நட்டு வைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. அதே நாளில் கன்னியாகுமரியில் அங்கத்திய நடுப்பகலில், அது சென்னையைவிடப் பத்துப் பதினோரு நிமிடம் தள்ளி வரும், ஒரு மீட்டர் குச்சிக்கு எட்டே முக்கால் சென்டிமீட்டர் நிழல் விழும். அதாவது சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து 5 டிகிரி சாய்ந்து தெரிகிறது. இரண்டு ஊருக்கும் தெற்கு வடக்காக உள்ள தூரம் கிட்டத்தட்ட 555 கிலோமீட்டர். 5 டிகிரிக்கு 555 என்றால் 360 டிகிரிக்கு 39,960. பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டரை ஒட்டி வந்துவிடுகிறது, ஒரு குச்சியும் ஒரு அளவுகோலும் இன்னொரு ஊரில் ஒரு நண்பரும் போதும். எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் இரண்டாயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் செய்தது இதே வேலைதான்.

இங்கே நிறுத்திவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன், ஏனென்றால் தட்டைப் பூமிக்காரர் இந்த இடத்தில் ஒரு நல்ல கேள்வி கேட்பார். பூமி தட்டையாக இருந்து சூரியன் பக்கத்திலேயே இருந்தாலும் இதே நிழல் விழுமே என்பார். சரியான கேள்வி! இரண்டு ஊர்களை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். அவர் கணக்குப்படியே சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று சேர்ந்து போட்டுப் பாருங்கள், கன்னியாகுமரி நிழலை வைத்தால் சுமார் 6,300 கிலோமீட்டர் வரும். இப்போது மூன்றாவதாக தூரத்தில் ஓர் ஊர் வேண்டும். மாஸ்கோவில் மருத்துவம் படிக்கிற நம் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதே நாளில் அங்கே ஒரு மீட்டர் குச்சிக்குச் சுமார் 92 சென்டிமீட்டர் நிழல் விழும். சென்னையிலிருந்து வடக்கே சுமார் 4,740 கிலோமீட்டர். அதை வைத்துத் தட்டைக் கணக்கு போட்டால் சூரியன் 5,100 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. ஒரே நாள், ஒரே சூரியன், இரண்டு உயரத்தில் இருக்க முடியாது. உருண்டையில் வைத்துக் கணக்குப் போட்டால் மூன்று ஊரும் ஒத்துப்போகின்றன. அந்த முரண்பாட்டை அவர் தன் கையால் எழுதிய தாளில் பார்க்க வேண்டும், நீங்கள் சொல்லிக் கேட்கக் கூடாது.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் கதை என்று சொல்கிறவருக்கு, வில்லியம் லாம்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1802ல் சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் கோட்டைச் சங்கிலியால் அளந்து தொடங்கிய வேலையைச் சொல்லுங்கள். பூமியின் வளைவை அளப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அவருடைய அரை டன் கோணமானி (தியோடலைட் என்ற நில அளவைக் கருவி) 1808ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது அடிபட்டு வளைந்துபோய், வாரக்கணக்கில் உட்கார்ந்து அவரே தட்டிச் சரிசெய்தார். பூமியின் வடிவம் நம் கோபுரங்களின் மேல் ஏறி நின்று அளக்கப்பட்டது என்று எந்தப் பிள்ளைக்காவது சொல்லியிருக்கிறோமா?

ஆதாரம் காட்டினால் எல்லோரும் மாறிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த வில் டஃபி என்ற கிறிஸ்தவப் போதகர், தட்டைப் பூமிக்காரர்களையும் எதிர்த்தரப்பையும் சேர்த்து அண்டார்டிகாவுக்கு அழைத்துப் போனார். அங்கே கோடையில் சூரியன் மறையாமல் இருபத்துநான்கு மணிநேரமும் வானத்தைச் சுற்றி வரும், தட்டை வரைபடத்தில் அதற்கு வழியே இல்லை. தட்டைப் பூமிக்காகப் பல வருடம் வீடியோ போட்டுவந்த ஜெரன் கேம்பனெல்லா அதைப் பார்த்துவிட்டு, நான் சொன்னது தப்பு, இந்தச் சூரியன் உண்மை என்று கேமரா முன்னால் சொன்னார். அவருடைய பழைய கூட்டத்தில் பலர் அவர் விலைபோய்விட்டார் என்றார்கள், காட்சியே போலி என்றார்கள்.

நான் சொன்னது தப்பு என்று ஜெரன் போல ஒருவர் சொல்வதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்று யோசியுங்கள். நண்பர்கள், பார்வையாளர்கள், வருமானம், இத்தனை வருடம் தன்னைப் பற்றித் தானே வைத்திருந்த மதிப்பு, எல்லாம் ஒரே நாளில். இந்த விலையைக் கொடுக்கப் பயந்துதான் பலர் மறுத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பது என் திடமான எண்ணம். அந்தப் போதகர் செய்ததில் எனக்குப் பிடித்தது, அவர்களை விருந்தாளியாகக் கூட்டிப்போனார், அவர்கள் கேமராவிலேயே பதிவு செய்யவிட்டார்.

உங்கள் குழுவில், உங்கள் ஆசிரியர் அறையில், உங்கள் மாமா சித்தப்பாக்களில் யாராவது ஒருவர் "நான் நினைச்சது தப்புப்பா, நிழலை அளந்து பாத்தேன்" என்று வந்து சொன்னால், தயவுசெய்து அவருடைய பழைய பதிவைத் தோண்டி எடுத்துப் போடாதீர்கள். அடுத்த நிழலில்லா நாளுக்கு உங்கள் ஊர்க் குச்சியை அவர் கையில் கொடுங்கள், அவரே நட்டு அளந்து, மாஸ்கோ பிள்ளைக்குப் போன் போட்டுக் கேட்கட்டும்.