அந்த மெசேஜ்களை அழிக்கச் சொல்லாதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் சிறுவர் முறைப்பாடுகளைப் பதியும் உத்தியோகத்தர்களுக்கு,

வணக்கம். களுவாஞ்சிகுடிப் பக்கம் தமிழ் படிப்பிக்கிற ஆசிரியை நான். போன வருடம் தரம் 9 மாணவி ஒருத்தி அழுதபடி தன் போனை என்னிடம் நீட்டினாள். டொரொன்டோவில் பிறந்த, யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் 15 வயது மகள் என்று சொல்லிப் பழகிய ஒருவர், கடைசியில் அவளிடம் படம் கேட்டிருந்தார். வாசித்துக்கொண்டே போனவள் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். "மறுகா வாறன்", "மறுகா சொல்லு". 'பிறகு' என்பதற்கு நம் மட்டக்களப்புப் பக்கம் சொல்கிற சொல்லல்லவா மறுகா? யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் பிள்ளைக்கு அது எப்படி வந்தது? கேள்விக்குறிக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ஓர் இடைவெளி வேறு. முப்பது வருடமாகக் கொப்பி திருத்துகிறவளுக்கு இதெல்லாம் கையெழுத்து மாதிரி.

தாயும் பிள்ளையும் முறையிடப் போன இடத்தில், "ப்ளொக் பண்ணிட்டு எல்லாத்தையும் அழிச்சிருங்க" என்றார்களாம். அன்றிரவே தாய் அழித்துவிட்டார். பிள்ளை அதை மறுபடி பார்க்கக்கூடாது என்ற தவிப்பு அவருக்கு. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அழிந்தது தடயம். அமெரிக்காவில் பல வருடமாகத் தபாலில் குண்டு அனுப்பியவரின் நீண்ட அறிக்கை 1995இல் பத்திரிகையில் வந்தபோது, அதன் நடையை அடையாளம் கண்டது அவருடைய சொந்தத் தம்பி குடும்பம்தான். 1996இல் அவருடைய குடிலைச் சோதனையிட்டார்கள். அங்கே கிடைத்த பொருட்கள்தான் வழக்கை உறுதியாக்கின. நடை காட்டியது வழியை மட்டும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "மறுகா" சொல்கிறவர்கள் இங்கே ஊர் முழுக்க இருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லை வைத்து யாரையும் பிடித்துவிடக்கூடாது. நாலு வரி போதாது; நீண்ட உரையாடல் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்கச் சந்தேக நபர்களின் வேறு எழுத்தும் வேண்டும்.

அதனால்தான் கேட்கிறேன். சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழைக்கும் பெற்றோரிடமும் நேரில் வருவோரிடமும் முதலில் "எதையும் அழிக்காதீங்க, போனைக் கொண்டு வாங்க" என்று சொல்லுங்கள். உரையாடலை முறைப்பாட்டுப் புத்தகத்தில் உங்கள் நடையில் திருத்தி எழுதாதீர்கள். பிழையும் புள்ளியும் இடைவெளியும் அப்படியே இருக்கட்டும். கொழும்பில் இருந்து பார்ப்பவருக்கு நம் பேச்சின் நெளிவுசுளிவு பிடிபடாது. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அங்குள்ள தமிழ் அறிந்தவர்களைக் கூப்பிடுங்கள். பிள்ளையின் பெயரை மறைத்துக் கொடுங்கள், சரி, ஆனால் கொடுங்கள்.

என் மாணவியின் போனில் இப்போது ஒன்றும் இல்லை. அந்த ஆள் இன்றைக்கு வேறொரு பிள்ளைக்கு "மறுகா" என்று எழுதிக்கொண்டிருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் ஆசிரியை