நிரந்தர ஊழியர்களுக்கு ஒரு தற்காலிகப் பணியாளரின் மடல்

மதுரை அரசு அலுவலகங்களில் வேலை பார்க்கும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்,

வணக்கம். நான் ஏஜென்சி மூலம் வந்த கம்ப்யூட்டர் ஆபரேட்டர். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன், சொன்னால் நாளைக்கே என் சீட்டில் வேறு ஆள் இருப்பார். சம்பளம், பணி நிரந்தரம் எல்லாம் அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். உங்களிடம் கேட்பது வேறு. எந்த அரசாணையும் வராமலே நாளைக் காலையில் நீங்கள் செய்ய முடிந்த சில விஷயங்கள்.

முதலில் பாஸ்வேர்டு. கோப்பு நகர்வதெல்லாம் இப்போது உங்கள் பெயரில் இருக்கிற லாகின் வழியாகத்தான், ஆனால் தட்டுவது நாங்கள். ஐடியும் பாஸ்வேர்டும் துண்டுச் சீட்டில் எழுதிக் கீபோர்டுக்கு அடியில் இருக்கும். ஓடிபி வந்தால் டீக்கடையிலிருந்து போன் போட்டுச் சொல்வீர்கள். "நீயே பார்த்து அனுப்பி விட்ரும்மா" என்பீர்கள், நாங்களும் அனுப்புவோம், எல்லாம் ஒழுங்காகப் போகிறவரை அது உங்கள் வேலை. ஒரு கோப்பு தப்பான சீட்டுக்குப் போய், சூப்பிரண்டெண்ட் எழுந்து வந்து யார் அனுப்பியது என்று கேட்கும்போதுதான், "அந்த டெம்பரரி பொண்ணு சார்" என்று ஒரு விரல் நீளும். நீங்கள் தப்பு செய்தால் 17(ஏ), 17(பி) என்று ஒழுங்கு நடவடிக்கை விதி இருக்கிறது, குறிப்பாணை வரும், விளக்கம் எழுதலாம், மேல்முறையீடு போகலாம். எங்களுக்கு ஏஜென்சியிலிருந்து ஒரு போன் வரும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று. அவ்வளவுதான் விசாரணை. அதனால் தயவுசெய்து உங்கள் லாகினை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். டைப் அடித்துத் தருகிறோம், நீங்கள் ஒரு தரம் படித்துவிட்டு அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொல்கிற வேலையை ஒரு வரி வாட்ஸ்அப்பிலாவது போட்டுவிடுங்கள், நாளைக்கு நாங்கள் காட்டுவதற்கு அந்த ஒரு வரி வேண்டும்.

அப்புறம் உங்களுக்குள் இருக்கிற பகை. இரண்டு சங்கம் இருக்கிற அலுவலகத்தில் யாரோடு டீ குடிக்கப் போகிறோம் என்பதுகூடக் கணக்கில் வருகிறது. "அவர் நேத்து சாயங்காலம் ஆபீசர் ரூம்ல என்ன பேசினார்?" என்று இந்தப் பக்கம் கேட்கிறார்கள், அதையே அந்தப் பக்கமும் கேட்கிறார்கள். சொன்னால் கோள் மூட்டுகிறவள், சொல்லாவிட்டால் அழுத்தக்காரி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. உங்களுக்கு வருகிற மோசமான முடிவு ஒரு டிரான்ஸ்பர், மேலூருக்கோ உசிலம்பட்டிக்கோ போவீர்கள், வேலை இருக்கும். எங்களுக்குப் போவதற்கு வேறு ஊர் கிடையாது, வீடுதான். எங்களிடம் வேவு கேட்காதீர்கள்.

மூத்தவர்களுக்கு எங்கள் மேல் ஒரு பழைய கோபம் இருப்பது புரிகிறது. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே அடியாக டிஸ்மிஸ் செய்தார்கள், உங்கள் நாற்காலிகளில் தற்காலிக ஆட்களை உட்கார வைத்தார்கள். 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் போராட்டம் நடந்தபோதும் பள்ளிகளுக்கு 10,000 ரூபாய் சம்பளத்தில் தற்காலிக ஆசிரியர்களைத் தேடினார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் இன்று உங்கள் பக்கத்து நாற்காலியில் நாங்கள் இருப்பதற்குக் காரணம், ஒருவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்தை நிரப்பாமல் விட்டது. அது உங்களுக்கும்தான் நஷ்டம், ஒரே ஆள் இரண்டு சீட் பார்க்கிறீர்கள். 1.4.2003 முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்று ஒரே வேலைக்குள் இரண்டு வகை ஆட்களை உண்டாக்கியதை எதிர்த்து எத்தனை வருஷம் போராடினீர்கள். நாங்கள் மூன்றாவது வகை. தற்காலிக ஊழியருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னதுதான், ஆனால் நடுவில் ஒரு ஏஜென்சி நிற்கும்போது அதைக் கேட்டு வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்கள் சங்கத் தலைவர்களுக்குத் தெரியும்.

மனசு வைத்தால் முடியும் என்பதையும் பார்த்திருக்கிறேன். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, எங்களுக்கு அன்றைய சம்பளம் பிடித்தம். அந்த விடுமுறையை ஈடு செய்ய வேலை நாளாக்குகிற சனிக்கிழமைக்கு உங்களோடு நாங்களும் வருவோம், அது எந்தக் கணக்கிலும் ஏறாது. எங்கள் பிரிவில் ஓர் அக்கா அந்தச் சனிக்கிழமை வருகையைத் தனித்தாளில் எழுதி, ஆபீசரிடம் கையெழுத்து வாங்கி ஏஜென்சிக்கு அனுப்பினார். அந்த மாதம் பிடித்தம் இல்லை. அவர் பெரிதாக எதுவும் பேசவில்லை, ஒரு தாள் எழுதினார்.

இன்னொன்று, பெண்களுக்காக. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஏஜென்சி மூலம் வந்தவர்களையும் சேர்த்தே பாதுகாக்கிறது. புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள், எந்த அறை என்று புதிதாக வருகிற பெண்ணிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நிரந்தர ஊழியர் மேல் நாம் புகார் கொடுக்க முடியாது என்றே நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சங்க நிர்வாகிகளுக்கு: அடுத்த கோரிக்கை மனு எழுதும்போது அவுட்சோர்சிங் ஊழியர்களுக்கும் ஒரு பத்தி வையுங்கள், எழுதுவதற்கு முன்னால் எங்களில் இரண்டு பேரையாவது கூப்பிட்டுக் கேளுங்கள். ஆறு மணிக்கு மேல் என்றால் எங்களுக்கும் வசதி.

இப்படிக்கு,
உங்கள் பிரிவில் வேலை பார்க்கும் ஒருத்தி