பாத்திரத்தின் அடியில் முத்திரை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார்த்திகை நெருங்கிவிட்டது. எங்கள் விருத்தாசலத்திலிருந்து பீங்கான் அகல்விளக்குகள் வண்டி வண்டியாகப் புறப்படும் காலம் இது. கூடவே பொருட்காட்சிகளில் பளபளக்கும் கிண்ணங்களும் மூடி போட்ட ஜாடிகளும் குவியும். பீங்கான் ஆலையில் கிளேஸ் (பாத்திரத்தின் மேல் கண்ணாடிபோல் உருகிப் படியும் பூச்சு) பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒரு கோரிக்கை வைக்கிறேன். சாப்பாட்டுக்கு ஆகும் பாத்திரம் எது, அழகுக்கு வைப்பது எது என்று அடியில் முத்திரை குத்தித்தான் விற்க வேண்டும்.

அசல் போர்சலின் 1,300 டிகிரி செல்சியஸை ஒட்டி வெந்தால்தான் இறுகும். சிறு சூளைக்காரருக்கு அந்த எரிபொருள் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே வெள்ளைக் களிமண்ணோடு கண்ணாடித்தூளோ ஃபிரிட்டோ (உருக்கி, நீரில் நொறுக்கி அரைத்த கண்ணாடி மாவு) சேர்த்து, 1,100 டிகிரி அளவிலேயே இறுக வைக்கிறார்கள். இதைக் கலப்படம் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். தேவையில்லை. சீனத்துப் பீங்கானின் ரகசியம் பிடிபடாத காலத்தில் ஐரோப்பியர் கண்ணாடித்தூள் கலந்து செய்த மென்பீங்கான் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கிறது. ஜெய்ப்பூர் நீலப் பாண்டத்தில் மண் பெயருக்குத்தான். படிகக்கல் மாவு, கண்ணாடித்தூள், கொஞ்சம் முல்தானி மட்டி, பிசின், அவ்வளவே. சுடுவதும் 850 டிகிரியை ஒட்டித்தான். அழகில் அதற்கு என்ன குறை?

விவகாரம் கிளேஸில் இருக்கிறது. குறைந்த சூட்டில் அது உருக இளக்கி வேண்டும்: ஈயம் அல்லது வெங்காரம் (போராக்ஸ்). ஈயம் வேலைக்காரனுக்குச் சுகம். சீராக ஓடும், பளபளவென்று மின்னும், சூடு முன்னேபின்னே ஆனாலும் பொறுத்துக்கொள்ளும். வெங்காரம் அடம் பிடிக்கும். நீரில் கரையும் பொருள் அது. அப்படியே கிளேஸில் போட்டால், முதல் சூடு மட்டும் கண்ட பாத்திரம் தண்ணீரை உறிஞ்சும்போது அதையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். உலரும்போது விளிம்பில் உப்புப் பூக்கும். அதனால் வெங்காரத்தைப் படிகக்கல் மாவோடு உருக்கி, செக்கச்செவேலென்று ஓடும்போதே குளிர்ந்த நீரில் ஊற்றுவோம். கற்கண்டுபோல் நொறுங்கும். அதை மாவாக அரைத்தால் ஃபிரிட்.

பிறகு பாத்திரத்தைக் கிளேஸ் கரைசலில் முக்குவது. ஒன்று, இரண்டு என்று எண்ணி எடுத்துவிட வேண்டும். மூன்று எண்ணினால் பூச்சு தடித்து, சூளையில் வழிந்து தட்டோடு ஒட்டிக்கொள்ளும். எடுத்த மறுகணமே பூச்சு மாவாக உலர்ந்திருக்கும். விரல் பட்ட இடத்தைத் தூரிகையால் அடைத்து, அடிவளையத்தை ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். ஃபிரிட் உருக்கும் பாட்டுக்குச் சோம்பி ஈயத்தின் பக்கம் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அலங்காரச் சாமானில் ஈயம் பூசினால் வாங்குபவருக்குப் பெரிய கெடுதல் இல்லை. (அரைத்துக் கரைப்பவரின் உடம்பு கெடுவது வேறு கதை, அதற்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும்.) ஆனால் புளியும் எலுமிச்சையும் காடியும் அந்த ஈயத்தைக் கரைத்து எடுத்துவிடும். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. ஆய்வகத்தில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பாத்திரத்தில் ஊற்றி, 24 மணி நேரம் வைத்து, அதில் இறங்கிய ஈயத்தை அளப்பார்கள்.

கடந்த மாதம் ஒரு பொருட்காட்சியில், மேசை அலங்காரத்துக்கென்று செய்த ஜாடியை 'மாவடு போட ஏற்றது' என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். கவிழ்த்து, கிளேஸ் இல்லாத அடிவளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். நொடியில் காணாமல் போனது. இறுகாத உடம்பு அப்படித்தான் ஈரத்தைக் குடித்து நாளடைவில் விரியும். மேலே கிளேஸ் மயிரிழையாக வெடிக்கும், வெடிப்பில் உப்பும் எண்ணெயும் இறங்கும். எத்தனை டிகிரியில் சுட்டது என்று கேட்டேன். "கலர் போகாது சார்" என்று பதில் வந்தது.

பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. சிறு சூளைக்காரர்களின் பாத்திரங்களை அங்கே குறைந்த கட்டணத்தில் சோதித்துக் கொடுக்க அரசு ஏற்பாடு செய்யலாம். தேறிய வகைப் பாத்திரங்களில் சுட்ட வெப்பநிலை, ஈயமற்றது என்ற குறி இரண்டும் இருக்கட்டும். காகித ஒட்டு வேண்டாம், கடை மாறுவதற்குள் உரிந்துவிடும். கிளேஸ் பூசுவதற்கு முன்பே பாத்திரத்தின் அடியில் பதித்து, சூளைக்குள் அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பீங்கான் தொழிலாளி,
விருத்தாசலம்.