சிறுகுறிஞ்சான் கேட்ட வசந்திக்கு

கோத்தகிரி
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள வசந்தி,

பேரன் கார்த்திக்குச் சுகர் வந்திருக்கிறது, சிறுகுறிஞ்சான் பொடி வாங்கி அனுப்பு என்று நீ எழுதிய கடிதம் வந்தது. படித்ததும் போனைத்தான் கையில் எடுத்தேன். அப்புறம் வைத்துவிட்டேன். பேசினால் நீ அழுவாய், உன்னோடு நானும் அழுவேன், சொல்ல வேண்டியது தொண்டையிலேயே நின்றுவிடும். எழுதினால் உன் மருமகளும் படிப்பாள், வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வாள்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். சிறுகுறிஞ்சான் பொடி வாங்கி அனுப்ப மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. கிடைக்காமல் இல்லை. வர்க்கியும் தைலமும் சாக்லேட்டும் விற்கிற கடையிலேயே "சர்க்கரைக்கு மலை மூலிகை" என்று பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்குகிறது. மலை என்று ஒட்டினால் ரெண்டு மடங்கு விலை, அவ்வளவுதான். அந்தக் கொடி எங்கள் குளிரைவிட அடிவாரத்துக் காட்டில்தான் நன்றாகப் படரும்.

கார்த்திக்கு வந்திருப்பது டைப் ஒன். உன் வீட்டுக்காரருக்கும் என் மாமியாருக்கும் இருந்தது டைப் டூ. ரெண்டுக்கும் சுகர் என்றே பேர் இருப்பதால் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் டைப் டூ வைத்தியத்தைத்தான் சொல்லிவிட்டுப் போவார்கள். டைப் டூவில் கணையம் இன்சுலின் சுரக்கும், ஆனால் பத்தாது, அல்லது உடம்பு அதைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. நடை, உணவுக் கட்டுப்பாடு, மாத்திரை, சில மூலிகை, இவற்றுக்கெல்லாம் அங்கே வேலை உண்டு. கார்த்திக்கு அப்படி இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைப் பெரும்பாலும் அழித்துவிட்டது. சுரக்கிற செல்லே அநேகமாக இல்லாதபோது சுரப்பைத் தூண்டுகிற மருந்து கொடுப்பது, பச்சை இலை வராத தேயிலை ஃபேக்டரியில் மெஷினை ஓட்டுகிற கதைதான். அவன் மிட்டாய் தின்றதாலும் வரவில்லை, உன் மருமகள் கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டதாலும் வரவில்லை. இதை அவளிடம் நீயே உன் வாயால் சொல். மாமியார் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கும்.

"அந்தக் காலத்துல ஊசியா இருந்துச்சு?" என்று உன் சம்பந்தி கேட்டாராமே. இல்லைதான். அந்தக் காலத்தில் இந்தப் பிள்ளைகளும் இல்லை. இன்சுலின் கண்டுபிடிக்கும்வரை டைப் ஒன் வந்த பிள்ளையைப் பட்டினி போட்டுச் சில மாதம் இழுத்துப் பிடிப்பதுதான் வைத்தியம். 1922 ஜனவரியில் கனடாவில், டொரண்டோவில், பதினாலு வயசுப் பையன் லியோனார்ட் தாம்ப்ஸனுக்குத்தான் முதல் ஊசி போட்டார்கள். மூலிகையே இல்லாத ஊரா உலகத்தில் இருந்தது? வெந்தயம், பாகல், ஆவாரை, வேங்கை எல்லாம் நம்மிடம் எத்தனையோ நூறு வருஷமாக இருக்கின்றன. அவையெல்லாம் இருந்தும் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியவில்லை. சம்பந்தியிடம் இப்படியே சொல்லாதே, வருத்தப்படுவார். பக்குவமாகச் சொல்.

மூலிகைமேல் எனக்கு வெறுப்பு என்று நினைத்துவிடாதே. என் மகள் கவிதாவுக்கு ஒன்பது வயசில் இதே டைப் ஒன் வந்தபோது நானும் தேடாத இடமில்லை. டீச்சர் வேலை பார்த்தவள் இல்லையா, எதையும் படித்துப் பார்க்காமல் விடமாட்டேன். நீ கேட்ட சிறுகுறிஞ்சானையே எடுத்துக்கொள். அதைச் சர்க்கரைக்கொல்லி என்பது சும்மா இல்லை. இலையை மென்று துப்பிவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைப் போட்ட மாதிரி இருக்கும், துளி இனிப்புத் தெரியாது. நாக்கில் இனிப்பை உணரும் இடத்தை அது கொஞ்ச நேரம் மறைத்துவிடுகிறது. கவிதா காலேஜ் படிக்கும்போது சிநேகிதிகளுக்கெல்லாம் இந்த வேடிக்கை காட்டுவாள். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாக்குக்குத் தெரியவில்லை என்பதற்காகக் குடலுக்குத் தெரியாமல் போகாது. இன்னொன்றையும் யோசித்துப் பார். பையன் காலையில் இந்த இலையை மென்றிருக்கிறான், சுகர் 60க்கு இறங்கிவிட்டது, கை நடுங்குகிறது, நீ சர்க்கரையைக் கொடுக்கிறாய். "மண்ணு மாதிரி இருக்கு" என்று துப்பினால் என்ன செய்வாய்?

ஆராய்ச்சியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1990இல் சென்னையில் இன்சுலின் போட்டுக்கொள்கிற 27 பேருக்கு இந்த இலைச் சாரத்தைத் தினம் 400 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். இன்சுலின் தேவை குறைந்தது. ஆனால் சின்ன ஆய்வு. தவிர, ஊசியை நிறுத்திவிட்டுக் கொடுக்கவில்லை, ஊசியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். கடைக்காரன் முதல் பாதியை மட்டும்தான் சொல்வான். அதே வருஷம் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திலிருந்து வெந்தயத்தைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. டைப் ஒன் உள்ளவர்களுக்குப் பத்து நாள் வெந்தயப் பொடி கொடுத்தார்கள், சிறுநீரில் போகும் சர்க்கரை பாதிக்குமேல் குறைந்தது. நல்ல சேதிதான். எவ்வளவு கொடுத்தார்கள் தெரியுமா? தினம் 100 கிராம், அதுவும் எண்ணெய் நீக்கியது. கார்த்திக்கு 100 கிராம் வெந்தயத்தை நீ ஊட்டிக் காட்டு, நான் அங்கே வந்து உனக்கு மாலை போடுகிறேன்! லவங்கப்பட்டையையும் விடவில்லை. 72 டைப் ஒன் பிள்ளைகளைப் பிரித்து, ஒரு பாதிக்கு 90 நாள் தினம் ஒரு கிராம் பட்டை, இன்னொரு பாதிக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. 2007இல் முடிவு வந்தது. மூன்று மாதச் சுகர் சராசரியில் ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை.

வெந்தயத்தைச் சமையலில் தாராளமாகப் போடு. ஆனால் ஒன்று கவனி. ஊறவைத்த வெந்தயத்தில் வருகிற வழவழப்பு நார்ச்சத்து, சோற்றின் சர்க்கரை ரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். டைப் டூக்காரருக்கு அது வரம். கார்த்தி சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது சீக்கிரம் வேலை செய்கிற இன்சுலின். ஊசி முந்திக்கொள்ளும், சோறு பிந்தும். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் சுகர் லோ ஆகலாம், அப்புறம் தடதடவென்று ஏறலாம். அப்போது டோஸ் சரியில்லை என்று டாக்டரைத் திட்டுவீர்கள். பாகற்காய்ப் பொரியல் சாப்பாடு, பயமில்லை. வெறும் வயிற்றில் டம்ளர் டம்ளராகப் பாகல் சாறு கொடுத்தால் அது சாப்பாடு ஆகாது, கணக்கில் வராத மருந்து. குழந்தைகளுக்குச் சுகர் அடியோடு இறங்கி வலிப்பு வந்ததுண்டு. கேழ்வரகுக் களிக்கு ஊசி வேண்டாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து. எங்கள் ஊர் மலைத்தேனும் அப்படித்தான், குறும்பர்கள் பாறையில் ஏறி எடுத்தாலும் சர்க்கரை சர்க்கரைதான்.

வசந்தி, இனிமேல் சொல்வதை மருமகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படி.

இன்சுலின் ஆரம்பித்த சில வாரத்தில் கார்த்திக்குச் சுகர் தானாக இறங்க ஆரம்பிக்கலாம். பத்து யூனிட் போட்ட இடத்தில் நாலு போதும் என்றாகலாம். மிச்சம் மீதி இருக்கும் கொஞ்சம் பீட்டா செல்கள், வெளியிலிருந்து இன்சுலின் வந்ததால் சுமை குறைந்து, கொஞ்ச நாள் மறுபடி சுரக்கும். டாக்டர்கள் இதை ஹனிமூன் என்பார்கள். சிலருக்குச் சில வாரம், சிலருக்குப் பல மாதம், ஒரு வருஷம் போகிற பிள்ளைகளும் உண்டு. பிறகு அந்தச் செல்களும் போய்விடும். வீட்டில் மூலிகை நுழைவது சரியாக இந்தச் சமயத்தில்தான். டயக்னோஸ் ஆன அதிர்ச்சியில் சொந்தக்காரர் ஒரு பொடி கொடுப்பார், அடுத்த மாதம் டோஸ் குறையும், பேர் பொடிக்குப் போகும். கொடுத்தவர் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். "எங்க பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஊசியே நின்னுடுச்சு" என்று யாராவது சொன்னால், எந்த மாதத்தில் நின்றது, இப்போது எப்படி இருக்கிறான் என்று மட்டும் கேள்.

இங்கே பக்கத்து ஹட்டியில், படுகர் ஊரில், ஒரு பையனுக்கு இப்படித்தான் ஆனது. டோஸ் குறைந்தது, பொடி கொடுத்தவர் "இனி ஊசி வேணாம்" என்றார், நிறுத்தினார்கள். ஒரு நாள் அவன் அம்மா என்னைக் கூப்பிட்டாள், வயிற்று வலி, வாந்தி, அஜீரணம் போல என்று. போய்ப் பார்த்தேன். கம்பளியைப் போர்த்திப் படுத்திருக்கிறான், உதடு வெடித்திருக்கிறது, ஓடி வந்தவன் மாதிரி ஆழமாக மூச்சு வாங்குகிறான். வாயருகில் குனிந்தால் பழுத்த பழத்தின் வாடை. கவிதாவைப் பெற்றவளுக்கு அந்த வாடை தெரியாமல் போகுமா. சுகரைக் குத்திப் பார்த்தால் மீட்டரில் எண்ணே வரவில்லை, "ஹை" என்று காட்டுகிறது. இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரித்து, ரத்தத்தில் கீட்டோன் என்கிற அமிலம் சேர்ந்துவிட்டது. அந்த மழையில் ஜீப் பிடித்துக் கோயம்புத்தூர் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டான், இப்போது பத்தாவது படிக்கிறான். வாந்தி, வயிற்று வலி, வேக மூச்சு, இந்த மூன்றையும் பார்த்தால் ஓமத்தண்ணி கொடுத்து உட்காராதீர்கள். சுகரையும் கீட்டோனையும் பார்த்துவிட்டு நேரே ஆஸ்பத்திரி. அவன் சாப்பிடாத நாளிலும் நீண்ட நேரம் வேலை செய்கிற இன்சுலினை முழுக்க நிறுத்தக்கூடாது. எவ்வளவு போடுவது என்று டாக்டரைக் கேளுங்கள்.

பொடியைப் பற்றி இன்னொரு பயமும் உண்டு. மூலிகை என்று விற்ற சில பொடிகளைச் சோதித்தபோது கிளிபென்கிளமைடு மாதிரி சுகர் மாத்திரையை அரைத்துக் கலந்திருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சிலதில் ஈயம், பாதரசம். சர்க்கரையைக் குணப்படுத்துவோம் என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. படித்த சித்த வைத்தியர் வேறு ரகம். கவிதாவை ஒருவரிடம் காட்டினேன். நாடி பார்த்துவிட்டு அவர் முதலில் சொன்னதே, "ஊசியை ஒரு வேளைகூட விடாதீங்கம்மா" என்றுதான். அப்படிச் சொல்கிறவர் கிடைத்தால் தயங்காமல் போ. என்ன கொடுக்கிறார் என்பதைச் சுகர் டாக்டரிடமும் சொல்லிவிடு.

வைட்டமின் மாத்திரை விஷயம் சின்னது. சத்து மாவு, டானிக் என்று டப்பா வாங்கிக் குவிக்காதே. ரத்தத்தில் வைட்டமின் டியும் பி12உம் பார்க்கச் சொல், குறைந்திருந்தால் டாக்டர் எழுதிக் கொடுப்பார். தைராய்டையும் அவ்வப்போது பார்க்க வேண்டும், டைப் ஒன் பிள்ளைகளுக்கு அது கூடவே வரக்கூடும். கையில் சுகர் பார்க்கிற சென்சார் ஒட்டுகிறதாக இருந்தால் வைட்டமின் சி மாத்திரையை அதிகமாகக் கொடுக்காதே, சில சென்சார் அதனால் இல்லாத சுகரை இருப்பதாகக் காட்டும். அதை நம்பி ஊசியைக் கூட்டினால் ஆபத்து. கார்த்தியின் தங்கச்சிக்கும் டைப் ஒன் வந்துவிடுமோ என்று கேட்டிருக்கிறாய். கூடப் பிறந்தவர்களுக்கு வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தாறுதான். வராமல் தடுக்க நிகோடினமைடு என்ற பி வைட்டமினைக் குடும்பத்தாருக்கு வருஷக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். 2004இல் முடிவு சொன்னார்கள், பலனில்லை. அந்தச் சின்னதுக்கு எதையும் கொடுக்காதே. திடீரென்று தண்ணீர் தாகமும் ராத்திரியில் அடிக்கடி சிறுநீரும் வந்தால் மட்டும் பரிசோதி.

எங்கள் சேதி ஒன்றும் பெரிதில்லை. தேயிலை விலை வழக்கம்போல் அழ வைக்கிறது. காட்டெருமை ரெண்டு வாரமாக பீன்ஸ் பாத்தியை விட்டு நகரவில்லை, விரட்டப் போன இவர் முட்டியைப் பிசகிக்கொண்டு வந்தார். கவிதா கோயம்புத்தூரில் பேங்க் வேலையில் இருக்கிறாள், காலையும் ராத்திரியும் ஊசி, சாப்பாட்டுக்கு ஊசி, அதற்கு நடுவில் ஸ்கூட்டர், சினிமா, என்னோடு சண்டை எல்லாம் உண்டு.

மே மாதம் கார்த்தியைக் கூட்டிக்கொண்டு வா. மலைப்பாதை வளைவில் அவனுக்கு வாந்தி வருமா? வருமென்றால் மேட்டுப்பாளையத்தில் ஊசி போட்டுச் சாப்பிட்ட கையோடு வண்டி ஏற்றாதே. ஊசி உள்ளே இருக்கும், சோறு வெளியே போய்விடும். மேலே வந்து சாப்பிட்டுக்கொள்ளலாமா, வழியில் எவ்வளவு குறைக்கலாம் என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வை. குளுக்கோஸ் பொடி ஒரு சம்படத்தில், தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலில். பிளாஸ்டிக் பாட்டிலைச் செக்போஸ்ட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சுகர் 70க்குக் கீழே போனால் மூன்று ஸ்பூன் பொடி, கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார். இன்சுலினை டிக்கியில் போடாதே, கீழே வெயிலில் வெந்துவிடும். இங்கே வந்தபிறகு பிரிட்ஜில் வைத்தால் ஃப்ரீஸர் பக்கம் போகாமல் பார்த்துக்கொள். ஒருமுறை உறைந்த இன்சுலினை அப்புறம் போடவே கூடாது. குளிரில் விரல் விறைத்து ரத்தம் வராது, வெந்நீரில் கையை நனைத்துவிட்டுக் குத்தினால் வந்துவிடும்.

காரில் வந்தால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் போட்டுவிடு. தேதியைச் சீக்கிரம் சொல், கவிதா லீவு போட்டு வருகிறாளாம். ஊசி குத்தினால் வலிக்குமா என்பதை அவன் உன்னிடமோ என்னிடமோ கேட்க வேண்டாம், அவளிடம் கேட்கட்டும்.

அன்புடன்,
மல்லிகா

பி.கு.: பொடி ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது என்றால் தூக்கி எறியாதே. பாக்கெட்டோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டு, எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லச் சொல்.