கேரவன் ஆட்டத்துக்குக் காரணம் சாமான் ஏற்றும் முறை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலின் புனித வெள்ளித் திருவிழாவுக்காக ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கத்து லெனேசியா, லோடியம் பகுதிகளிலிருந்து டர்பனுக்கு வரும் நம் குடும்பங்களில் சில, கேரவன் எனும் இழுவை வீட்டையோ ட்ரெய்லரையோ காரின் பின்னால் பூட்டிக்கொண்டு என்3 நெடுஞ்சாலையில் வருகின்றன. அவற்றில் சாமான் ஏற்றியிருக்கும் விதத்தைக் காணும்போது மனம் பதைக்கிறது. இறக்க வசதியாக இருக்கும் என்று அண்டாக்களும் அரிசி மூட்டைகளும் தண்ணீர்க் கேன்களும் பின்கோடியில் அடுக்கப்பட்டிருக்கின்றன.

பின்பாரம் கூடினால், கேரவனைப் பூட்டும் காரின் இழுவைக் கொக்கியின் மீது அழுத்தும் பாரம் குறைந்துவிடுகிறது. அந்த நிலையில் குறுக்குக் காற்றோ, முந்திச் செல்லும் லாரியின் காற்றோ ஒருமுறை தள்ளினாலே கேரவன் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். வேகம் மிதமாக இருந்தால் ஆட்டம் தானே அடங்கும். வேகம் மிகுந்துவிட்டாலோ ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகி, காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். அந்த நெடுஞ்சாலையின் வான் ரீனன் கணவாய் இறக்கத்தில் கேரவன் பின்னாலிருந்து காரைத் தள்ளுவதால் ஆபத்து இன்னும் அதிகம். சாலையில் மணிக்கு 120 கி.மீ. என்று வேக வரம்புப் பலகை இருப்பது கேரவன் இழுப்பவருக்கான அழைப்பு அல்ல.

கனமானவற்றைச் சக்கர அச்சுக்கு நேர் மேலே, சற்று முன்தள்ளி, தரையோடு தரையாக வைத்துக் கட்ட வேண்டும். பிறகு, குளியலறை எடைக் கருவியின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, காரில் பூட்டும் உயரத்திலேயே கேரவனின் இணைப்பு முனையை அதன்மேல் இறக்கினால், கொக்கியை அழுத்தும் முன்பாரம் தெரிந்துவிடும். கேரவன் 1,200 கிலோ என்றால் முன்பாரம் ஏறக்குறைய 80 கிலோ இருப்பது நல்லது. ஆனால் காரும் கொக்கியும் தாங்கும் வரம்பை அது மீறக்கூடாது. ஆட்டத்தைத் தணிக்கும் ஸ்டெபிலைசர் கருவி உதவும் என்பது உண்மைதான், எனினும் தவறான பாரத்தை அது சரிசெய்துவிடாது.

ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். பதற்றத்தில் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் மாற்றி மாற்றித் திருப்புவதும்தான் வண்டியைக் கவிழ்க்கின்றன. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 750 கிலோவைத் தாண்டும் ட்ரெய்லரை இழுக்க இபி (EB) வகை ஓட்டுநர் உரிமம் வேண்டும் என்பதையும் ஓட்டுநர்கள் மறக்கக்கூடாது.

திருவிழா அறிவிப்புகளோடு இந்த எச்சரிக்கையையும் சேர்த்து வெளியிடுமாறு கோயில் நிர்வாகங்களையும், ஈஸ்டருக்கு முந்தைய வாரத்திலேயே இக்கடிதத்தைப் பிரசுரிக்குமாறு தங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.